நாற்பத்தொரு ஸ்லைடும் ஒரு போலந்துக்காரரும்

என் மனைவிக்கு நடக்க ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தான் எழுபத்திரண்டாவது வயதில் நான் ஸ்லைடு போடக் கற்றுக்கொண்டேன். வேறு எந்த ஆசையும் இல்லை என்று சொல்லத்தான் நினைக்கிறேன். ஆனால் முதல் ஸ்லைடில் தலைப்பு தானாக உருண்டு வந்து நடுவில் நின்றபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அவளுக்கு முழங்கால் வலி. "தினமும் நடங்க, ஆனா சமதரையில நடங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு காலத்தில் திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி வந்துவிட்டு, அதே கையோடு இட்லிக்கு மாவு ஆட்டியவள். இப்போது மதுரை கோச்சடையில் எங்கள் தெருவில் சமதரையைத் தேட வேண்டியிருக்கிறது. வேகத்தடைகள் ஏழு. பாதாளச் சாக்கடை மூடிகள் பதினான்கு, அவற்றில் தரைமட்டத்தில் இருப்பவை மூன்று. நாய்கள் ஒன்பது, இரண்டைத் தவிர மற்றவற்றை நம்ப முடியாது. ஆகவே அவள் மொட்டை மாடியில் நடந்தாள். இரண்டு தண்ணீர்த் தொட்டிகளையும் துணிக்கொடியையும் சுற்றிச் சுற்றி வருவாள். துணி காயும் நாட்களில் குனிந்து குனிந்து வருவாள். நான் கீழே உட்கார்ந்து தலைக்கு மேல் கேட்கும் காலடியை எண்ணுவேன். சத்தம் நின்றால் விழுந்துவிட்டாளோ என்று மாடிக்கு ஓடுவேன். அவள் வெயிலில் வைத்த ஊறுகாய் ஜாடியைத் திருப்பி வைத்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் தெருக்கோடியில் மாநகராட்சியின் காலி மனை ஒன்று இருந்தது. அதில் சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடும்தான். அந்த இடத்தை என்ன செய்யலாம் என்று சுற்றியிருக்கும் சங்கங்கள் யோசனை சொல்லலாம் எனச் சுற்றறிக்கை வந்தது. இரண்டு சங்கங்கள் கிளம்பின. பக்கத்து பஜார் தெரு வியாபாரிகள் இருசக்கர வாகன நிறுத்தம் கேட்டார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கம் நடைபாதை கேட்டது. ஒவ்வொரு சங்கத்துக்கும் பத்து நிமிடம். ஸ்லைடு போட்டுப் பேச வேண்டும். எங்கள் சார்பில் பேசப்போவது என் மனைவி. அவள் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை, மைக் இல்லாமலே மூன்று வகுப்பறைகளுக்குக் கேட்கும் குரல். ஸ்லைடு தயாரிக்க வேண்டியது செயலாளராகிய நான். செயலாளரைத் தேர்ந்தெடுத்த நேரத்தில் மற்ற எல்லோரும் வடை வாங்க வரிசையில் நின்றார்கள். அதனால் ஏகமனதாகத் தேர்வானேன்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். ஒன்றை விட்டுவிட என்னால் ஆகாது. தெருவின் வரலாறு, மக்கள்தொகை, முழங்காலின் உடற்கூறு, சீமைக்கருவேலத்தின் தீமைகள் என்று நாற்பத்தொரு ஸ்லைடு போட்டேன். இடம் போதாதபோது எழுத்தைச் சிறிதாக்கினால் இன்னும் ஏற்றலாம் என்று கண்டுபிடித்தேன். அந்த மகிழ்ச்சியில் பதினேழாம் ஸ்லைடில் மட்டும் இருநூற்றுப் பதினாறு சொற்களை ஏற்றிவிட்டேன். சில ஸ்லைடுகளில் சொற்கள் வலமிருந்து ஓடி வந்தன, சிலவற்றில் மேலிருந்து விழுந்தன. ஒன்றில் கைதட்டல் சத்தம்கூட வைத்திருந்தேன், யாரும் தட்டாவிட்டால் ஆகும் என்று.

மனைவியை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். ஒன்பதாவது ஸ்லைடில் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"என்னங்க இது, டவுன் பஸ்ஸுல ஆள் ஏத்துற மாதிரி ஏத்தி வச்சிருக்கீங்க?"

"எல்லாம் தேவையான விஷயம்."

"இருக்கட்டும். இதெல்லாம் சுவத்துல எழுதியிருந்தா அவங்க இதைப் படிப்பாங்களா, நான் பேசுறதைக் கேப்பாங்களா?"

"ரெண்டும் செய்யலாமே."

"நான் பேசும்போது நீங்க பேப்பர் படிக்கிறீங்களே, எதையாவது கேட்டிருக்கீங்களா?"

நான் பத்தாவது ஸ்லைடுக்குப் போனேன். அவள் தொடர்ந்தாள். "போர்டுல ஒரு நேரத்துல ஒரு படம்தான் வரைவேன். அடுத்தது வேணும்னா முதல்ல வரைஞ்சதை அழிச்சிருவேன். எட்டாப்பு பிள்ளைகளுக்கே அவ்வளவுதான் தாங்கும். ஆபீசருங்களுக்கு அதைவிடக் கம்மியாத்தான் தாங்கும்."

அன்று சாப்பாட்டில் நான் இரண்டாம் முறை ரசம் கேட்கவில்லை. அவளும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் அழிக்க ஆரம்பித்தபோது எனக்கு ஒரு கிறுகிறுப்பு வந்தது. முழங்காலின் உடற்கூறு போனது. தெருவின் வரலாறு போனது. கைதட்டலையும் எடுத்தேன். நாற்பத்தொன்று இருபத்தாறாயிற்று, பிறகு பதினைந்து, பிறகு எட்டு. ஒவ்வொன்று போகும்போதும் உடம்பிலிருந்து ஒரு சட்டையைக் கழற்றியது போலக் குளுகுளுவென்று இருந்தது. சித்திரை வெயிலில் இப்படி ஒரு சுகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எட்டில் நிறுத்தியதும் அவள்தான். விட்டிருந்தால் நான் ஒன்றுமில்லாமல் ஆக்கியிருப்பேன்.

சங்கத் தலைவர் வந்தார். கொட்டாம்பட்டிக்காரர், எங்கள் தெருமுனையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். என்னை அண்ணே என்பார், என் மனைவியை டீச்சர் என்பார். எட்டு ஸ்லைடையும் பார்த்துவிட்டு முகம் வாடினார்.

"அண்ணே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆளுக எங்க?"

"எந்த ஆளுக?"

"நம்ம கமிட்டி மெம்பருங்க பதினோரு பேரு. முகம் இல்லாம என்னண்ணே விசேஷம்?"

மதுரையில் அவர் கேட்டதில் தப்பில்லை. காதுகுத்து என்றால் ஃப்ளெக்ஸ், சடங்கு என்றால் ஃப்ளெக்ஸ், செத்தால் இரண்டு ஃப்ளெக்ஸ். காது குத்தப்படும் குழந்தை ஒரு மூலையில் இருக்கும், மீதி இடமெல்லாம் கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன்கள்தான். முகம் போடாத காரியம் இந்த ஊரில் நடந்த காரியம் ஆகாது. நான் வேண்டாம் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். அதை ஈடுகட்ட, நடைபாதை வாசலில் பூட்டுப் போட்டு, பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு சாவி என்று ஏழாம் ஸ்லைடில் போடச் சொன்னார். பஜார் தெரு ஆட்கள் உள்ளே வந்து கூட்டம் போடுவார்கள் என்பது அவர் பயம். அது எனக்கும் நியாயமாகப் பட்டது. பதினோரு சாவி என்று போட்டேன். எண்ணிக்கை என்று ஒன்று இருந்தாலே எனக்கு நிம்மதி.

இனிப் படங்கள். காலி மனையைக் காட்ட நாங்களே எடுத்த படம் இருந்தது. நடைபாதை எப்படி இருக்கும் என்று காட்டத்தான் படம் இல்லை. இணையத்தில் தேடியதும் அருமையான பூங்கா ஒன்று கிடைத்தது. ஆனால் அதன் குறுக்கே ஒரு படம் விற்கும் கம்பெனியின் பெயர் சாய்வாக இருபது இடத்தில் ஓடியது. தலைவர், "டிசைன் நல்லா இருக்குண்ணே" என்றார். நான் சுற்றறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சுற்றறிக்கையின் அடியில், ஸ்லைடுகள் பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் வைக்கப்படும் என்றும், ஆகவே சொந்தப் படமோ திறந்த உரிமம் உள்ள படமோ மட்டுமே அனுமதி என்றும் ஒரு வரி இருந்தது.

"சொந்தப் படம்தானே? நான் தாரேன்" என்று தலைவர் தன் தென்னந்தோப்புப் படங்களை அனுப்பினார். முப்பத்திரண்டு படங்கள். முப்பத்திரண்டிலும் அவர் நின்றார்.

திறந்த உரிமம் என்றால் என்ன என்று உட்கார்ந்து படித்தேன். படித்த அன்று எனக்கு வந்த தலைசுற்றல் இனிமையானது. உலகம் முழுக்க யார் யாரோ படம் எடுத்து, வரைபடம் வரைந்து, பாடம் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் இருக்கிறது. எண்ண முயன்று இரண்டு பக்கத்தோடு விட்டுவிட்டேன். கண்காட்சித் திடலில் கையில் சில்லறையோடு விடப்பட்டவன் போல அன்று முழுவதும் அலைந்தேன். பனிமலை, ஒட்டகம், ஜப்பானியத் தபால்பெட்டி என்று எங்கள் தெருவுக்குச் சம்பந்தமே இல்லாத பத்தொன்பது படங்களை இறக்கி வைத்துக்கொண்டேன். சும்மா கிடைக்கிறதே என்று.

ஆனால் சும்மாவிலும் நிபந்தனை உண்டு. சிலர் பெயரைச் சொன்னால் போதும் என்கிறார்கள். சிலர் வியாபாரத்துக்குக் கூடாது என்கிறார்கள். சிலர் மாற்றக் கூடாது என்கிறார்கள். சிலர் நீ மாற்றினால் நீயும் அதேபோல் எல்லோருக்கும் திறந்து வை என்கிறார்கள். ஆக நான்கு. நான் தேர்ந்தெடுத்த படம் போலந்து நாட்டில் ஒருவர் எடுத்தது. மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் மண்பாதை, அதில் முதுகைக் காட்டி நடக்கும் ஒரு வயதான பெண். அதற்குப் பெயர் சொன்னால் போதும். வலது ஓரத்தில் பாதி நாய் ஒன்று இருந்தது. அதை வெட்டலாமா என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். உரிமம் வெட்டலாம் என்கிறது, வெட்டியதைச் சொல்லவும் சொல்கிறது. "நாய் நீக்கப்பட்டது" என்று எழுதினால் ஆபீசர் என்ன நினைப்பார்? கடைசியில் நாயை விட்டுவிட்டேன். எங்கள் தெருவுக்குப் பொருத்தமாகவும் இருந்தது.

அதோடு நின்றிருக்கலாம். எடுத்துக்கொள் என்று எழுதியே வைத்திருந்தும், எனக்குக் கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை. அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன், நான்கு பத்தி. மறுநாள் மூன்று வரியில் பதில் வந்தது. ஏற்கெனவே எடுத்துக்கொள்ளத்தான் வைத்திருக்கிறேன், கேட்டதற்கு நன்றி, படத்தில் இருப்பது என் அம்மா, உங்கள் மனைவியின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"என் முட்டி போலந்து வரைக்கும் போயிருச்சா?" என்றாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

தலைவரிடமும் காட்டினேன். மூலையில் முன்பின் தெரியாத ஒருவர் பெயரை எதற்குப் போடுகிறோம் என்று அவர் கேட்டார். அவருக்குப் புரியும்படி சொன்னேன். "கோயில் டியூப்லைட்டில உபயம்னு பேர் எழுதுறாங்கள்ல, அந்த மாதிரி."

"ஓ, உபயதாரரா?" என்று தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எறும்பு மாதிரி மூலையில போட்டா மரியாதையாண்ணே?"

"அவ்வளவுதான் போடணும்."

"இம்புட்டுத் தூரத்துல இருந்து ஒருத்தர் குடுக்குறாரு" என்று முனகினார். பிறகு, பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள், அந்தப் பக்கம்தான் போகிறேன், ஆபீசில் நானே சேர்த்துவிடுகிறேன் என்றார். கொடுத்தேன்.

பேச வேண்டிய நாள் காலையில் மாநகராட்சி மண்டல அலுவலகக் கூட்ட அறையில் மின்விசிறிகள் ஆறு, ஓடியவை நான்கு. நடுவில் ஒரு பெண் அதிகாரி, இரு பக்கமும் இரண்டு இரண்டு பேர். முதலில் பஜார் தெரு. அவர்கள் சங்கத் தலைவர் பாத்திரக்கடைக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஐந்தே ஸ்லைடு. முதல் படமே எங்களைச் சாய்த்தது. அவர்கள் தெரு, சுவரோடு சுவராக வண்டிகள், நடுவில் நகர முடியாமல் ஓர் ஆம்புலன்ஸ். எழுத்தே இல்லை. அதிகாரி முன்னால் சாய்ந்து பார்த்தார். என் மனைவி என் காதில், "நல்லாப் பண்ணியிருக்காங்க" என்றாள். எங்கள் எட்டில் இன்னும் எதை அழிக்கலாம் என்று நான் யோசித்தேன்.

பிறகு எங்கள் முறை. அவள் முன்னால் போய் நின்றாள். திரையில் எங்கள் முதல் ஸ்லைடு வந்தது.

காலி மனையின் படம் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் செருகியிருந்த ஒரு ஃப்ளெக்ஸ் வந்தது. நான்கு ஓரமும் தாமரைப் பூ. அடியில் வட்டம் வட்டமாகப் பதினோரு முகம், எட்டுப் பேர் கூலிங் கிளாஸில், மூன்று பேர் செல்போனில் பேசியபடி. தலைவர் வட்டம் மட்டும் கொஞ்சம் பெரிது. எல்லாவற்றுக்கும் நடுவில், கழுத்தில் ரோஜா மாலையோடு, செம்பட்டைத் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் சிரித்தார். மேலே தங்க எழுத்தில், "எங்கள் நடைபாதைக்கு உபயம் தந்த போலந்து நாட்டு அண்ணன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்."

எனக்கு முதலில் தோன்றியது, அந்த முகப்படத்துக்கு என்ன உரிமம் என்பதுதான். மாலை போட்டது மாற்றம் செய்த கணக்கில் வருமா என்பது அடுத்தது.

நான் தலைவரைப் பார்த்தேன். "அவர் மூஞ்சிய நெட்டுல தேடி எடுத்து, நம்ம மாப்ள ஃப்ளெக்ஸ் கடையில சும்மா கொஞ்சம் கலர் குடுத்தோம்ணே" என்று காதோரம் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

அதிகாரி பேனாவை மூடினார். "யாரு இவரு? வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கீங்களா?"

"உபயம் மட்டும்தான் மேடம்" என்று தலைவர் எழுந்து சொன்னார். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. பக்கத்தில் இருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். வெளிநாட்டுப் பணத்துக்கு எத்தனை அனுமதி, எத்தனை விசாரணை என்று என் மனம் பட்டியல் போட ஆரம்பித்தது. நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன். "நாய்கூட அப்படியேதான் இருக்கு மேடம்" என்று சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

என் மனைவி பிள்ளைகளை உட்கார வைப்பது போல உள்ளங்கையைக் கீழே காட்டினாள். நான், தலைவர், பின்வரிசையில் சம்பந்தமில்லாத ஒருவர், மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"மேடம், இவர் காசு குடுக்கலை. ஒரு படம் எடுத்தாரு. அதைப் பூட்டி வைக்காம, யார் வேணும்னாலும் எடுத்துக்கங்க, எடுத்தவன் பேரை மட்டும் சொல்லுங்கன்னு வச்சிருக்காரு. எங்க தெரு எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியாது. அவர் மூஞ்சியே எனக்கு இப்பத்தான் தெரியும்."

அறையில் சிரிப்பு எழுந்தது. அதிகாரியும் சிரித்தார். "மாலை யாரு போட்டது?"

"அது எங்க ஊர் மரியாதை. பேரைச் சின்னதா போடச் சொன்னா எங்களுக்கு வராது."

அவள் பொத்தானை அழுத்தினாள். நல்லவேளை, மீதி ஸ்லைடுகளில் மாப்ளையின் கை படவில்லை. காலி மனை வந்தது. ஒரு படம், அவள் பேச்சு. மொட்டை மாடியில் அவள் குனிந்து நடக்கும் படம் வந்தது, நான் எடுத்தது. அதற்கு அவள் எதுவும் பேசவில்லை, பார்க்க விட்டாள். பிறகு போலந்து அம்மாவின் முதுகு, வளைந்த பாதை, பாதி நாய். ஐந்து பேரும் திரையைத்தான் பார்த்தார்கள், பிறகு அவளைத்தான் பார்த்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் யாரும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஏழாம் ஸ்லைடு வந்தது. வாசல், பூட்டு, பதினோரு சாவி. அதிகாரி படித்தார்.

"அப்ப இது உங்க பதினோரு பேருக்கு மட்டும்தானா?"

தலைவர் ஆமாம் என்று தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். என் மனைவி ஸ்லைடைப் பார்த்தாள். பிறகு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பாத்திரக்கடைக்காரரைப் பார்த்தாள்.

"இல்லைங்க மேடம். முகம் தெரியாத ஒருத்தர் குடுத்த படத்தைக் காட்டி இடம் கேக்குறோம். வாங்கிட்டுப் பூட்டுப் போட்டா எனக்கே கூச்சமா இருக்கும். வாசல் மாடு வராம இருக்கத்தான். பூட்டு வேண்டாம். பஜார் தெருக்காரங்களும் நடக்கட்டும், யாரும் நடக்கட்டும். இந்த ஸ்லைடை அழிச்சதா வச்சுக்கங்க."

"டீச்சர்" என்றார் தலைவர், அடிபட்ட குரலில்.

"நீங்களும் நடங்க தம்பி. சுகர் எம்புட்டு இருக்கு உங்களுக்கு?"

தலைவர் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது நிமிடம் ஐம்பது விநாடி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை நான் தினமும் இணையத்தில் எங்கள் ஸ்லைடுகளைத் திறந்து பார்த்தேன். தாமரைப் பூவோடு, மாலையோடு, அப்படியேதான் போட்டிருந்தார்கள். போலந்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன், ஸ்லைடின் சுட்டியோடு ஐந்து பத்தி. அவர் பதிலில், அந்த மாலை போட்ட படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்ட வேண்டும், அம்மா கேட்கிறாள், இதற்கு என்ன உரிமம் என்று கேட்டிருந்தார். ஃப்ளெக்ஸ் கடை மாப்ளையிடம் போய்க் கேட்டேன். "எடுத்துக்கிடச் சொல்லுங்கண்ணே, கடை பேரை மட்டும் ஓரமா போடச் சொல்லுங்க" என்றார். ஒரே வரியில் உரிமம் கொடுத்துவிட்டார். நான் அதைப் புரிந்துகொள்ள இரண்டு நாள் படித்தவன்.

இதற்குள் ஊரின் மறுகோடியில் ஏதோ ஒரு சங்கம் எங்கள் ஸ்லைடுகளை எடுத்துத் தங்கள் காலி மனைக்குப் பயன்படுத்தியிருந்தது. கடைசி ஸ்லைடில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் எழுதியிருந்தேன். அவர்கள் என் மனைவி மாடியில் நடக்கும் படத்தையும் விடவில்லை. அடியில் முறையாக எங்கள் சங்கத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். தலைவர் அதைப் போட்டோ எடுத்து, தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினார். சாவி போன வருத்தம் அன்றோடு பாதியாகக் குறைந்தது.

உத்தரவு வந்தது. பஜார் பக்கத்தில் ஒரு பட்டை வண்டி நிறுத்தத்துக்கு, மீதியெல்லாம் நடைபாதை, பூட்டு கூடாது. நான் அதை வாசலில் நின்று படித்தேன். மாடியில் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேலே பார்த்துச் சொன்னேன். சத்தம் நின்றது. இந்த முறை நான் ஓடவில்லை.

பாதை திறந்த முதல் நாள் நாங்கள் விடியற்காலையிலேயே போனோம். பாத்திரக்கடைக்காரர் எங்களுக்கு முன்பே வந்து நடந்துகொண்டிருந்தார், புதிய வெள்ளை ஷூவோடு, கைகளை வீசி. "வாங்க டீச்சர், பூட்டு இல்லைன்னீங்க, வந்துட்டேன்" என்றார். "நல்லது, நடங்க" என்றாள் இவள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் சுற்றில் அவள் மெதுவாக வந்தாள், ஒவ்வோர் அடியாகத் தரையை நம்பிப் பார்த்து. வேகத்தடை இல்லை, மூடி இல்லை, துணிக்கொடி இல்லை. இரண்டாம் சுற்றில் கைகள் வீச ஆரம்பித்தன. மூன்றாம் சுற்றில் அவளுக்கும் வெள்ளை ஷூவுக்கும் நடுவே இடைவெளி குறைந்தது. வளைவில் அவரை ஒட்டினாள், நேர்ப்பாதையில் தாண்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். இவள் பார்க்கவில்லை. அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகத்தைக் கூட்டினார்.